ரிஃபில் தொடங்கி மிக்ஸ் வரை: பிரிட்டிஷ் ராக் குழுக்கள் பாட்டு கட்டிய முறை

பிரிட்டிஷ் ராக் என்றதும் பலர் முதலில் தேடுவது சத்தத்தை. பெரிய மார்ஷல் ஆம்ப், அதில் குமிழைக் கடைசிவரை திருகிய டிஸ்டார்ஷன், அதாவது ஒலி சிதைந்து வரும் கரகரப்பு. அங்கிருந்து தொடங்கினால் அந்த ஒலி கைக்கு வராது. 1963 முதல் 1975 வரை பிரிட்டிஷ் குழுக்கள் செய்த பதிவுகளை ஹெட்ஃபோனில் உற்றுக் கேளுங்கள். கிட்டார் நாம் நினைத்ததைவிடச் சுத்தமாக இருக்கும். டிரம்ஸைச் சுற்றி அறையின் காற்று கேட்கும். பல இடங்களில் நிறுத்திக் கேட்டால் குழுவில் ஒருவராவது வாசிக்காமல் காத்துக்கொண்டிருப்பார். நான்கைந்து பேர் ஓர் அறையில் ஒருவரையொருவர் கேட்டு வாசித்தார்கள். டேப்பில் இடம் குறைவு என்பதால் எதை வைப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானித்தார்கள். அந்த ஒலி பிறந்தது இந்த இரண்டிலிருந்துதான். கீழே உள்ள வேலைகளும் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

ரிஃப்

பாட்டின் விதை ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு கிட்டார் சொற்றொடர். இரண்டு பார் (வழக்கமாக நான்கு பீட் கொண்ட ஒரு தாள வட்டம் ஒரு பார்) நீளம், நான்கு முதல் எட்டு ஸ்வரங்கள் போதும். இந்தக் குழுக்கள் எல்லாம் அமெரிக்க புளூஸ் ரெக்கார்டுகளைக் கேட்டு வளர்ந்தவை. அதனால் பெரும்பாலான ரிஃப்கள் மைனர் பென்டாடோனிக் என்ற ஐந்து ஸ்வர வரிசையில் நிற்கும்: ஏ சுருதியில் என்றால் ஏ, சி, டி, ஈ, ஜி.

ஆம்ப் போடாமல் எழுதுங்கள். ஆம்பின் இரைச்சல் சாதாரண ரிஃபையும் பெரிதாகக் காட்டிவிடும். எழுதி முடித்ததும் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். முணுமுணுக்க வரவில்லை என்றால் ஸ்வரங்கள் அதிகம், இரண்டை எடுத்துவிடுங்கள். இரண்டு பாருக்குள் குறைந்தது ஒரு பீட் மௌனம் இருக்க வேண்டும். ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) அடியும் பாடகரின் குரலும் பின்னால் வந்து உட்காரப்போவது அந்த இடைவெளியில்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் ரிஃபில் இந்த இடத்தை அடைத்துவிட்டு, பிறகு மிக்ஸில், அதாவது பதிந்த ஒலிகளைக் கலக்கும்போது, குரலுக்கு இடம் தேடி அலைகிறார்கள்.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வாசிக்கும்போது மூலஸ்வரமும் ஐந்தாவதும் மட்டும் போதும். இதைத்தான் பவர் கார்டு என்கிறோம். இதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் வழியாக இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து போகும்போது, அவற்றின் அதிர்வெண்களின் வித்தியாசமும் தனி ஸ்வரமாகக் கேட்கும். ஏ 110 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாவதான ஈ 164.8 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 54.8. கீழ் ஏ இருப்பது 55-இல், கிட்டத்தட்ட அதேதான். ஆம்ப் நமக்கு ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இலவசமாக ஒரு ஸ்வரம் சேர்த்துக் கொடுக்கிறது. இப்போது மூன்றாவது ஸ்வரமான சி ஷார்ப்பை எடுங்கள், 138.6 ஹெர்ட்ஸ். ஏ-யோடு வித்தியாசம் 28.6. அங்கே இருக்க வேண்டிய ஏ 27.5. இது முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைந்த அரைஸ்வர விலகல். டிஸ்டார்ஷனில் மேஜர் கார்டு சேறுபோலக் குழம்புவது இதனால்தான். மூன்றாவது ஸ்வரம் வேண்டும் என்றால் குரலிடமோ, ஆர்கனிடமோ, டிஸ்டார்ஷன் இல்லாத இரண்டாவது கிட்டாரிடமோ கொடுங்கள்.

டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோர் தன் மிகப் பிரபலமான ரிஃபை, ஒரு ஸ்வரத்தோடு அதன் நான்காவதைச் சேர்த்து, இரண்டிரண்டு ஸ்வரங்களாக வைத்தார். பிக்கால் அடிக்காமல், இரண்டு கம்பிகளையும் விரல்களால் ஒரே நேரத்தில் மீட்டினார். பிக்கில் ஒரு கம்பி முந்தியும் மற்றது பிந்தியும் ஒலிக்கும். விரலில் இரண்டும் சேர்ந்தே புறப்படும். அந்த ரிஃபின் கட்டு அங்கே இருக்கிறது. அதைப் பிக்கால் வாசிப்பவர்களுக்கு என்றும் ஏதோ குறைவதாகவே தோன்றும்.

சுருதியை மாற்றுவதும் ரிஃப் எழுதும் வழிதான். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு, மீதி ஐந்தை ஜி, டி, ஜி, பி, டி என்று வைத்துக்கொள்வார். ஒரு விரலைக் குறுக்கே வைத்தால் முழு மேஜர் கார்டு. அதே நிலையில் இன்னும் இரண்டு விரல்களைத் தட்டி எடுத்தால் பக்கத்துக் கார்டு வந்துபோகும். கை நகராமலே தாளம் பிறக்கும். இது டிஸ்டார்ஷன் குறைவாக இருந்தால்தான் எடுபடும்.

பர்மிங்காமின் பிளாக் சபாத் வேறு வழியில் போனது. டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் ஃப்ரெட்டில் அழுத்துவது அந்தக் கையால்தான். பிளாஸ்டிக்கை உருக்கி விரல் உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குச் சுருதியை மூன்று அரைஸ்வரம் இறக்கினார். நீங்கள் அந்த அளவு இறக்கினால் கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் படபடக்கும். அழுத்தி வாசித்தால் சுருதி ஏறும். விரலில் சிரமம் இல்லாதவர்கள் ஒரு படி தடித்த செட் போடுவது நல்லது: 9 செட் (முதல் கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு) என்றால் 10 அல்லது 11.

டிரம்ஸும் பேஸும்

டிரம்மர் ஸ்டிக்கை எடுப்பதற்கு முன் ரிஃபைப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்னேர் ஒவ்வொரு பாரின் 2-ஆம், 4-ஆம் பீட்டிலும் நிலையாக இருக்கட்டும். கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ரிஃபின் தாழ்ந்த ஸ்வரங்களோடு சேர்த்து வையுங்கள், ஆனால் எல்லாவற்றோடும் வேண்டாம். இரண்டு பாரில் மூன்று அல்லது நான்கு இடங்களில் மட்டும் சேர்ந்தால் அவை அழுத்தமாக விழும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கிக் அடித்தால் எதுவும் அழுத்தமாக இருக்காது.

ஸ்டோன்ஸின் டிரம்மர் சார்லி வாட்ஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஸ்னேர் விழும் பீட்டில் ஹை-ஹாட்டை (மிதித்து மூடும் இரட்டை உலோகத் தட்டு) அடிக்காமல் கையைத் தூக்கிவிடுவார். ஸ்னேர் தனியாக, தெளிவாகக் கேட்கும். தாளத்துக்குச் சிறு மூச்சு கிடைக்கும். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள், குழு முழுவதும் வேறு மாதிரி ஒலிக்கும்.

பேஸ் (தாழ்ந்த ஸ்வர கிட்டார்) மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ரிஃபை ஓர் ஆக்டேவ் கீழே அப்படியே இரட்டிப்பது ஒன்று. கனமான பாட்டுக்கு அதுவே பொருந்தும். மூலஸ்வரத்தில் நிலையாக நின்று கிட்டாருக்குத் தரை போடுவது இன்னொன்று. மூன்றாவது, குரலுக்குப் பதில் சொல்லும் தனி மெட்டு. பால் மெக்கார்ட்னி 1967-ஐ ஒட்டி பேஸைப் பல பாட்டுகளில் கடைசியாகப் பதிவு செய்தார். மற்ற எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு இடைவெளிகளில் நடக்க முடிந்தது. எதைத் தேர்ந்தாலும் கிக்கும் பேஸும் ஒன்றாக விழ வேண்டும். 20, 30 மில்லிசெகண்ட் விலகினாலே ஓர் அடி இரண்டாகக் கேட்கத் தொடங்கும். பேஸ் வாசிப்பவர் டிரம்மரின் காலைப் பார்க்கும்படி நிற்பதுதான் இதற்கு எளிய மருந்து.

மெட்ரோனோம் வைத்துப் பழகுங்கள், ஆனால் பதிவில் அணைத்துவிடுங்கள். அந்தக் காலப் பதிவுகளில் பெரும்பாலானவை கிளிக் இல்லாமல் வாசித்தவை. கோரஸில் வேகம் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு பீட் ஏறினால் அது உயிர்ப்பு. ஐந்து, ஆறு ஏறினால் ஓட்டம். அந்த டேக்கை, அதாவது அந்த ஒரு முறை வாசித்த பதிவை, விட்டுவிடுங்கள்.

ஒத்திகை

லெட் ஜெப்பெலின் 1970-இல் வேல்ஸின் ஒரு மலைக் குடிசையில் பாட்டுகள் எழுதியது. பிறகு ஹாம்ப்ஷயரின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் தங்கி வாசித்தது. ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டுடியோ வண்டி வாசலில் நின்று பதிவு செய்தது. பிங்க் ஃபிளாய்ட் தங்கள் 1973 ஆல்பத்தின் பாட்டுகளை 1972 முழுவதும் மேடைகளில் வாசித்துச் செதுக்கியது. ஸ்டுடியோவுக்குள் போகும்போது பாட்டு முக்கால்வாசி முடிந்திருந்தது.

ஒத்திகை அறையின் நடுவில் ஒரே ஒரு மைக்கை வைத்து முழுப் பாட்டையும் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். குரல் மூழ்கினால் குரலைக் கூட்ட நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் யார் வாசிப்பது தேவையற்றது என்று பாருங்கள். பல்லவிக்கு முந்தைய நான்கு வரிகளில் ஒரு கிட்டாரை நிறுத்தினாலே பல்லவி இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். ஆர்கன் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் வழியாக அனுப்பி இரண்டாவது கிட்டாரின் இடத்தைப் பிடித்தார். அப்படிச் செய்தால் ஆர்கனும் கிட்டாரும் ஒன்று ரிஃபைச் சேர்ந்து வாசிக்க வேண்டும், அல்லது வெவ்வேறு ஆக்டேவில் இருக்க வேண்டும். ஒரே ஆக்டேவில் வெவ்வேறு வேலை செய்தால் இரண்டும் கேட்காது.

ஆம்ப்

இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று வாக்ஸ் ஏசி30: 30 வாட், நான்கு ஈஎல்84 வால்வுகள், மணிபோன்ற மேல் ஒலி. மற்றது மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962 முதல் செய்தது. அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேனைப் பார்த்துத் தொடங்கி, 1960களின் நடுவில் த ஹூ போன்ற குழுக்கள் கேட்டதற்காக 100 வாட்டுக்குப் போனது.

க்வீனின் பிரையன் மே வைத்திருக்கும் ஏற்பாடு கற்றுக்கொள்ளத் தகுந்தது. 1963-இல் தந்தையோடு சேர்ந்து வீட்டில் செய்யத் தொடங்கிய கிட்டார், பழைய ஆறு பென்னி நாணயம் பிக்காக, நடுவில் மேல் ஒலியைத் தூக்கும் ஒரு டிரெபிள் பூஸ்டர், முழுதும் திறந்த ஏசி30. டிஸ்டார்ஷனின் அளவை ஆம்பில் தொடாமல் கிட்டாரின் வால்யூம் குமிழால் கட்டுப்படுத்துவார். குறைத்தால் சுத்தம், கூட்டினால் வயலின்போல நீளும். நீங்களும் ஆம்பை அப்படியே வையுங்கள்: மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் கடித்தும் வர வேண்டும். அதற்கு மேல் கெய்னை, அதாவது டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழை, ஏற்ற வேண்டாம். தனியாக வாசிக்கும்போது மெலிந்து தெரிவது குழுவோடு சேர்ந்ததும் சரியாக இருக்கும். இன்னும் கனம் வேண்டும் என்றால் அதே பகுதியை இன்னொரு முறை வாசித்துப் பதிந்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வையுங்கள். கெய்ன் குறைந்த இரண்டு கிட்டார்கள், கெய்ன் நிறைந்த ஒன்றைவிட எப்போதும் பெரிதாகக் கேட்கும்.

த கிங்க்ஸின் டேவ் டேவிஸ் 1964-இல் சிறிய ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறி அந்தக் கரகரப்பை உண்டாக்கினார். இன்று ஒரு ஃபஸ் பெடல் அந்த வேலையைச் செய்யும். ஸ்பீக்கரைக் கீறத் தேவையில்லை.

மைக் வைக்க: ஒரு டைனமிக் மைக்கை ஸ்பீக்கர் துணியிலிருந்து 3 செ.மீ. தள்ளி, கூம்பின் நடுப்புள்ளிக்கும் விளிம்புக்கும் இடையில் வையுங்கள். நடுவில் வைத்தால் காது கூசும், விளிம்பில் வைத்தால் மங்கும். இரண்டாவது மைக் ஒன்றரை மீட்டர் தள்ளி. அந்த இரண்டாவதிலிருந்துதான் ஆழம் வருகிறது.

டிரம்ஸைப் பதிவு செய்தல்

பொறியாளர் கிளின் ஜான்ஸின் பெயரால் அறியப்படும் நான்கு மைக் முறை இன்றும் சிறந்தது. முதல் மைக் ஸ்னேருக்கு நேர் மேலே ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில். இரண்டாவது ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் டிரம்) வெளியே, அதன் விளிம்புக்கு ஒரு சாண் மேலே, ஹை-ஹாட்டைப் பார்த்தபடி. மூன்றாவது கிக்கில், நான்காவது ஸ்னேரில். முதல் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து சமமான தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணளவில் செய்யாதீர்கள். ஸ்னேர் நடுவில் ஒரு கயிற்றின் முனையைப் பிடித்து, இரண்டு மைக்குக்கும் அளந்து பாருங்கள். 17 செ.மீ. வித்தியாசம் வந்தால் ஒலி அரை மில்லிசெகண்ட் பிந்தி வரும். 1000 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டு மைக்கும் ஒன்றையொன்று அழித்து, ஸ்னேர் டப்பாபோல ஒலிக்கும். இந்த ஒரு தவறால்தான் பலர் இந்த முறையைக் கைவிடுகிறார்கள்.

பெரிய ஒலி வேண்டுமா, ஒடுங்கிய ஒலி வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒடுங்கிய ஒலிக்கு பீட்டில்ஸ் வழி: டிரம் தோல்களின் மேல் பாத்திரம் துடைக்கும் துணிகள், கிக்குக்குள் கம்பளி ஸ்வெட்டர், மைக் மிக நெருக்கத்தில். ஸ்வெட்டரையும் நெருங்கிய மைக்கையும் 1966-இல் பொறியாளர் ஜெஃப் எமெரிக் கொண்டுவந்தார். பெரிய ஒலிக்கு ஹெட்லி கிரேஞ்ச் வழி: லெட் ஜெப்பெலினின் நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்காக, ஜான் போனமின் டிரம்ஸ் படிக்கட்டின் அடியில், உயர்ந்த கூடத்தில் இருந்தது. ஆண்டி ஜான்ஸ் இரண்டே மைக்கைப் படிக்கட்டின் மேலிருந்து தொங்கவிட்டார். அந்தப் பாட்டு மெதுவாகப் போவது முக்கியம். வேகம் 72 என்றால் ஒரு பீட் 833 மில்லிசெகண்ட். அறை முழங்கி அடங்க நேரம் இருக்கிறது. வேகம் 140 என்றால் பீட் 429 மில்லிசெகண்ட்தான். அறையின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த அடி விழுந்து எல்லாம் கலங்கிவிடும். வேகப் பாட்டுக்குப் பெரிய கூடத்தைத் தேடாதீர்கள்.

டேப்பும் டிராக்குகளும்

பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தின் பத்துப் பாட்டுகள் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில், இரண்டு டிராக் (தனித்தனியாகப் பதியும் தடம்) கொண்ட டேப்பில் பதிவாயின. லண்டன் செயின்ட் ஜான்ஸ் உட்டில் இருந்த இஎம்ஐ ஸ்டுடியோவுக்கு, அதாவது பின்னாளில் ஆபி ரோடு என்று பெயர் பெற்ற இடத்துக்கு, நான்கு டிராக் அந்த ஆண்டின் இறுதியிலும் எட்டு டிராக் 1968-இலும் வந்தன. 1975-இல் க்வீன் 24 டிராக்கில் வேலை செய்தது.

இன்று கணினியில் எத்தனை டிராக் வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனாலும் முதல் பாட்டை நான்கில் செய்யுங்கள். டிரம்ஸும் பேஸும் ஒன்றில், ரிதம் கிட்டாரும் ஆர்கனும் இரண்டாவதில், முதன்மைக் குரல் மூன்றாவதில், நான்காவது காலி. இன்னும் இடம் வேண்டும் என்றால் முதல் இரண்டையும் கலந்து ஒன்றாக இறக்குங்கள், பழையதைத் திறக்காதீர்கள். டேப்பில் இப்படி ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இரைச்சல் ஏறத்தாழ 3 டெசிபல் கூடும், மேல் ஒலி தேயும். அதனால் எத்தனை முறை இறக்குவது என்பதை முன்பே எண்ணி வைத்திருப்பார்கள். இறக்கும்போது கிக்கையும் ஸ்னேரையும் தேவைக்குச் சற்று மேலாக வையுங்கள். பின்னால் சேரும் கிட்டார்களும் குரல்களும் அவற்றைத்தான் முதலில் விழுங்கும்.

குழு முழுவதும் சேர்ந்து மூன்று முதல் ஆறு டேக். அதற்குள் வரவில்லை என்றால் பாட்டின் கட்டமைப்பில் சிக்கல்; ஒத்திகைக்குத் திரும்புங்கள். ஒரு டேக்கின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் ஒட்டலாம். வெட்டு ஸ்னேர் அடிக்கு ஒரு நூல் முன்னால் இருக்கட்டும். அந்த அடியின் திடுக்கில் ஒட்டு மறையும். இரண்டு டேக்கின் வேகம் வேறாக இருந்தால் டேப் வேகத்தை மாற்றலாம், ஆனால் 6 சதவீதம் மாற்றினாலே சுருதி அரைஸ்வரம் நகர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

டேப் வளையம் தாளத்துக்கே அடிப்படையாகலாம். பிங்க் ஃபிளாய்ட் ஒரு பாட்டுக்காக நாணயச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் இவற்றை வெட்டி, அளவுகோலால் சமமாக அளந்து, ஏழு பீட் வளையமாக ஒட்டியது. குழு அதன் மேல் வாசித்தது. கணக்கு எளிது. டேப் நொடிக்கு 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. ஓடுகிறது. வேகம் 120 என்றால் ஒரு பீட் அரை நொடி, 19 செ.மீ. டேப். ஏழு பீட் 133 செ.மீ. இயந்திரத்துக்கு வெளியே தொங்கும் மீதியை ஒரு மைக் ஸ்டாண்டில் சுற்றி இறுக்கமாக வையுங்கள்; தொய்ந்தால் வேகம் ஆடும். கணினியில் என்றால் ஒவ்வொரு துண்டும் 500 மில்லிசெகண்ட். அந்தப் பாட்டில் கிட்டார் தனி வாசிப்புக்கு நான்கு பீட்டுக்கு மாறினார்கள். ஏழில் நீண்ட தனி வாசிப்பு கைவரவில்லை என்றால் நீங்களும் மாறுங்கள்.

குரல்

ஒரே வரியை ஒருவரே இரண்டு முறை பாடிச் சேர்த்தால் குரல் தடிக்கும். திரும்பத் திரும்பப் பாடும் அலுப்பைத் தவிர்க்க, இஎம்ஐ பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966-இல் இரண்டாவது டேப் இயந்திரத்தால் செயற்கையாக இரட்டிக்கும் வழியைக் கண்டார். கணினியில் குரலின் நகலை 25 முதல் 40 மில்லிசெகண்ட் பிந்த வைத்து, அந்த நேரத்தை மெல்ல அலையவிடுங்கள். நிலையாக வைத்தால் தகரக் குழாயில் பாடியதுபோல இருக்கும்.

கூட்டுக் குரலுக்கு க்வீனின் முறைதான் பாடம். மெர்க்குரி, மே, டெய்லர் மூவரும் முதலில் ஒரே வரியைச் சேர்ந்து பாடுவார்கள், பிறகு அடுத்த ஸ்வர வரியை மூவரும், பிறகு அதற்கடுத்ததை. ஆளுக்கொரு வரி என்று பிரிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு வரியிலும் மூன்று குரல்களின் நிறமும் இருக்கும், கூட்டு ஒரே துணியாகத் தெரியும். மூன்று வரி, மூன்று பேர், ஒவ்வொன்றும் மூன்று முறை என்றால் 27 குரல். இங்கே கெடுவது மெய்யெழுத்து: 27 பேரின் "ஸ்", "ட்" சிதறி விழும். சொல்லின் கடைசி மெய்யை ஒருவர் மட்டும் உச்சரிக்க, மற்றவர்கள் உயிரோசையில் நிறுத்துங்கள்.

மிக்ஸ்

முதலில் டிரம்ஸ், அடுத்து பேஸ், பிறகு குரல். குரல் நின்ற பிறகுதான் கிட்டாரை ஏற்றுங்கள். கிட்டாரிலிருந்து தொடங்கினால் அது எப்போதும் அளவுக்கு மீறியே இருக்கும். ஃபேடர்களை (ஒவ்வொரு டிராக்கின் ஒலியளவை மாற்றும் நழுவு குமிழ்கள்) கையால் நகர்த்தி, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாக மிக்ஸ் செய்யுங்கள். அந்தக் காலத்தில் மிக்ஸர் முன்னால் மூன்று நான்கு பேர் நின்று ஆளுக்கு இரண்டு ஃபேடரைப் பார்த்துக்கொண்டார்கள். தனி வாசிப்பு வரும் இடத்தில் கை தானாக மேலே போகும், அந்த அசைவு பாட்டிலும் கேட்கும்.

முடித்ததும் மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, கேளுங்கள். 1960களில் பெரும்பகுதி மோனோ மிக்ஸ்தான் முதன்மையாக இருந்தது. ஒரே கிட்டாரின் இரண்டு மைக்கை இடமும் வலமும் வைத்திருந்து, மோனோவில் அது மெலிந்து காணாமல் போனால் மைக் ஒன்றின் துருவம் (ஒலி அலையின் மேல்கீழ்) மாறியிருக்கலாம். அதைத் திருப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் மெலிந்தால், ஆம்பிலிருந்து தள்ளி வைத்த மைக்கை ஒரு கையளவு முன்னும் பின்னும் நகர்த்தி, கிட்டாரை மட்டும் மறுபடி பதிவு செய்யுங்கள்.